டிரெய்லரை மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் ஆஸ்டின் அருகே வசிக்கிறோம். எச்-1பி விசாவில் வேலை; மனைவி, இரண்டு பிள்ளைகள். தேசியப் பூங்காக்களைச் சுற்றிப் பார்ப்பதற்காகப் புதிய டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பார்த்து 500 டாலர் முன்பணம் கொடுத்திருக்கிறோம். வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து 35,000 டாலர் கடன், மாதம் 376 டாலர், 15 ஆண்டு என்கிறார் டீலர். வட்டி எவ்வளவு என்று கேட்டால், "மாதம் உங்களால் எவ்வளவு கட்ட முடியும், அதைச் சொல்லுங்கள்" என்கிறார். பிடிக்காவிட்டால் மூன்று நாளில் திருப்பித் தரச் சட்டம் இருக்கிறது என்கிறார் நண்பர். உண்மையா? எங்கள் பிக்கப் டிரக் இதை இழுக்கும் என்று விற்பனையாளர் வாய்வார்த்தையாகச் சொன்னது போதுமா? இடையில் ஊர் திரும்ப நேர்ந்தால் கடன் என்ன ஆகும்?

பதில்: மூன்று நாள் விதி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வீட்டு வாசலுக்கே வந்து பேசி மயக்கி விற்றுவிட்டுப் போகிறவர்களுக்காக, 1970களில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் கொண்டுவந்தது அது. வாங்குபவர் தாமே டீலர் கடைக்குப் போய், அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் அந்த விதி எட்டிக்கூடப் பார்க்காது. டீலர் தம் ஒப்பந்தத்தில் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுதித் தந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நண்பரின் நம்பிக்கையைப் பலரும் வைத்திருப்பதால்தான் "கையெழுத்துப் போடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு கடைகளில் எடுபடுகிறது.

இந்த வாசகர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் பேரம் பேசும் பலம் இப்போதும் அவர் பக்கமே இருக்கிறது. 500 டாலர் திரும்புமா என்பது அந்த ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. "கடன் ஒப்புதலும் டிரெய்லர் பரிசோதனையும் திருப்தியாக இருந்தால் மட்டுமே, இல்லையேல் முழுத்தொகையும் திரும்பத் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி வாங்குவது இப்போதும் முடியும். டீலர் மறுத்தால் அந்த மறுப்பே ஒரு தகவல்தான்.

இனி வட்டி. டீலர் சொல்லாவிட்டாலும் கணக்கு சொல்லிவிடுகிறது. 35,000 டாலருக்கு 15 ஆண்டு, மாதம் 376 என்றால் ஆண்டு வட்டி சரியாக 10 சதவீதம். கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போவது சுமார் 67,700 டாலர். அதே கடன் ஒரு கிரெடிட் யூனியனில் 8 சதவீதத்துக்குக் கிடைத்தால் தவணை 334 டாலர் ஆகும். மொத்தத்தில் 7,500 டாலர் மிச்சம். அதே 8 சதவீதத்தில் பத்தே ஆண்டில் அடைப்பதாக இருந்தால் தவணை 425 டாலர். டீலர் சொன்னதைவிட மாதம் 49 டாலர்தான் கூடுதல். மிச்சமாவதோ 16,700 டாலருக்கு மேல். இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: டீலரின் 15 ஆண்டுக் கடனில் ஐந்து ஆண்டு கட்டிய பிறகும் நிலுவை 28,460 டாலர் நிற்கும். அதுவரை கட்டியது 22,500க்கும் மேல். அசலில் குறைந்தது 6,500 மட்டுமே. டிரெய்லரோ மதிப்பு வேகமாக இறங்கும் பொருள். விற்கிற விலை கடன் நிலுவையைவிடக் குறைவாக இருந்தால், விற்பதற்கே கையிலிருந்து பணம் போட வேண்டிவரும்.

அந்த இரண்டு சதவீத வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? டீலர் கடன் கொடுப்பதில்லை, வாங்கித் தருகிறார். வங்கி அவரிடம் ஒரு வட்டி சொல்லும். அவர் வாடிக்கையாளரிடம் அதைவிடக் கூடுதலாகச் சொல்லலாம். கூடுதலில் அவருக்குப் பங்கு உண்டு. இது சட்டவிரோதம் அல்ல. 1968ஆம் ஆண்டின் கடன் விவர வெளிப்பாட்டுச் சட்டப்படி ஆண்டு வட்டி விகிதம், மொத்த வட்டிச் செலவு, கடன் தொகை, கட்டி முடிக்கும் மொத்தத் தொகை ஆகியவற்றை எழுத்தில் காட்டியே ஆக வேண்டும். ஆனால் அந்தத் தாள் பெரும்பாலும் கையெழுத்து மேசையில்தான் கண்ணில் படும், பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கிய நேரத்தில். அதற்கு முன்பே ஒன்றிரண்டு கிரெடிட் யூனியன்களில் முன் ஒப்புதல் வாங்கிக் கையில் வைத்திருப்பவரிடம் "மாதம் எவ்வளவு" என்ற பேச்சு நீளாது.

வங்கிக்கு நேராகப் போவதில் ஒரு சிக்கலும் உண்டு. இதைப் பலர் யோசிப்பதில்லை. டீலர் வழியாக எழுதப்படும் தவணை ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் ஓர் அறிவிப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய வர்த்தக ஆணையத்தின் 1975ஆம் ஆண்டு விதி. அதன்படி, டீலர் ஏமாற்றியிருந்தால் அவர்மேல் சொல்லக்கூடிய குறையை, அந்தக் கடனைப் பிறகு வாங்கிக்கொண்ட வங்கியின் மீதும் சொல்லலாம். திரும்பப் பெறுவது அதுவரை கட்டிய தொகைக்குள்தான். டீலர் கடையை மூடிவிட்டால் இந்தப் பாதுகாப்பின் அருமை தெரியும். தானே தேடிப்போய் வாங்கும் நேரடிக் கடனில் இந்தக் கவசம் பொதுவாக இருக்காது. இருந்தாலும் 7,500 டாலர் வித்தியாசம் என்றால் நேரடிக் கடன்தான் மேல். கிரெடிட் யூனியன் ஒப்புதலைக் காட்டிய பிறகு டீலரே 8 சதவீதத்துக்கு இறங்கினால், அவர் வழியாகவே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்: வட்டியும் குறையும், கவசமும் கிடைக்கும்.

விலையில் பேரம் பேச இடம் நிறைய இருக்கிறது. டிராவல் டிரெய்லரின் பட்டியல் விலை என்பது யாரும் கொடுக்காத விலை. அதிலிருந்து 20 சதவீதம் குறைத்து வாங்குவது பெரிய சாதனை இல்லை. ஆனால் இறக்கிய விலை பின்வாசல் வழியாக ஏறிவிடும். சரக்குக் கூலி, தயார்செய்யும் கட்டணம், ஆவணக் கட்டணம், நீட்டித்த வாரண்டி, டயர் பாதுகாப்பு, துணி பாதுகாப்பு என்று நீளும் பட்டியலில் டெக்சாஸின் 6.25 சதவீத விற்பனை வரி, பதிவு இரண்டையும் தவிர மற்ற பெரும்பாலானவை பேசிக் குறைக்கவோ நீக்கவோ கூடியவை. இவற்றைக் கடனில் சேர்த்தால் அவற்றுக்கும் 15 ஆண்டு வட்டி. 3,000 டாலர் வாரண்டி, 10 சதவீத வட்டியில், 5,800 டாலர் ஆகிவிடும். எனவே "எல்லாம் சேர்த்து வெளியே போகும் விலை" என்ற ஒரே தொகையை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, அதை முடித்த பிறகே கடனைப் பற்றிப் பேச வேண்டும்.

டிரக் விஷயம் இன்னும் கவலைக்குரியது. டெக்சாஸும் ஏற்றுக்கொண்டுள்ள சீரான வணிகச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: வாங்குபவரின் குறிப்பிட்ட தேவை என்ன என்பதும், அவர் விற்பவரின் அனுபவத்தை நம்புகிறார் என்பதும் விற்பவருக்குத் தெரிந்திருந்தால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம் தானாகவே உருவாகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டீலர் படிவங்களில் "உள்ளது உள்ளபடி" என்ற வாசகமும், "எழுத்தில் உள்ளதைத் தவிர வேறு வாக்குறுதி எதுவும் இல்லை" என்ற வாசகமும் கண்ணில் படும்படி அச்சாகியிருக்கும். வாய்வார்த்தை அங்கே கரைந்துவிடும். டிரக் மாடல், ஓட்டுநர் கதவருகே உள்ள ஸ்டிக்கரில் காணும் சுமைத் திறன், குடும்பத்தின் எடை எல்லாவற்றையும் எழுதி "இது இழுக்குமா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்ல வேண்டும். விற்பனையாளர்கள் சொல்வது பெரும்பாலும் காலி டிரெய்லரின் எடை. தண்ணீர், கேஸ், சாமான் ஏற்றி அது 7,000 பவுண்டு ஆனால், அதன் முன்மூக்கு டிரக்கின் மேல் 700 முதல் 1,050 பவுண்டு வரை அழுத்தும். நான்கு பேரும் அவர்கள் பெட்டிகளும் அதற்கு மேல். இழுக்கும் திறன் மிச்சமிருக்கும்போதே சுமைத் திறன் தீர்ந்துபோவது இப்படித்தான்.

ஒழுகும் கூரை, வேலை செய்யாத குளிர்சாதனம் போன்ற குறைகளுக்கு டெக்சாஸ்வாசிகள் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். பல மாநிலங்களின் பழுது வாகனச் சட்டம் இழுவை டிரெய்லர்களைக் கைவிட்டுவிடுகிறது. டெக்சாஸ் சட்டம் சேர்த்துக்கொள்கிறது. வாரண்டிக்கு உட்பட்ட குறையைச் சரிசெய்யப் போதிய வாய்ப்பு கொடுத்தும் தீராவிட்டால், மாநில மோட்டார் வாகனத் துறையிடம் 35 டாலர் கட்டணத்தில் புகார் செய்யலாம். காலக்கெடு உண்டு. ஒவ்வொரு பழுதுக்கும் தேதியிட்ட வேலைத்தாள் கையில் இல்லையென்றால் புகார் நிற்காது. டெலிவரிக்கு முன்பே, டீலரைச் சாராத பரிசோதகர் ஒருவரைக் கொண்டு தண்ணீர், மின்சாரம், கேஸ் மூன்றையும் ஓடவிட்டுப் பார்ப்பது இன்னும் மலிவு.

வருமான வரியில் ஒரு சலுகை இருப்பதாக டீலர் சொல்லக்கூடும். படுக்கை, சமையல், கழிப்பறை வசதி உள்ள டிரெய்லரை இரண்டாவது வீடாகக் கொண்டு, அதன் கடன் வட்டியைக் கழிக்க முடியும் என்பது சரிதான். ஆனால் கழிவுகளைத் தனித்தனியே காட்டுபவருக்கு மட்டுமே. 2025க்குத் தம்பதியருக்கான நிலையான கழிவே 31,500 டாலர் என்பதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு இதனால் ஒரு டாலரும் குறையாது.

கடைசியாக விசா. பிறந்த நாட்டைக் காரணம் காட்டிக் கடன் மறுக்க 1974ஆம் ஆண்டின் சம கடன் வாய்ப்புச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் விசா நிலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கடன் கொடுப்பவருக்கு அனுமதி உண்டு. சில நிறுவனங்கள் கடன் காலத்தை விசா முடியும் தேதியோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். மறுத்தால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். காரணம் கேட்கும் உரிமை விண்ணப்பித்தவருக்கு உண்டு. ஊர் திரும்பினால் கடன் தீர்ந்துவிடாது. தவணை நின்றதும், கைகலப்போ மிரட்டலோ இல்லாமல் எடுக்க முடிந்தால், கடன் கொடுத்தவர் நீதிமன்றம் போகாமலேயே டிரெய்லரை இழுத்துச் செல்லலாம். விற்று வந்த தொகை போதாவிட்டால் மீதியைக் கேட்டு வழக்கும் தொடரலாம். கிளம்புமுன் நிலுவைக் கணக்கை எழுத்தில் வாங்கி, டிரெய்லரை விற்று அடைத்துவிடுவதே நல்லது. கடனுக்கு நண்பர் யாராவது கூடக் கையெழுத்திட்டிருந்து, அதைச் செய்யாமல் கிளம்பினால், அவரிடம் கடன் கொடுத்தவர் முழுத்தொகையையும் கேட்கலாம். பல மாநிலங்களில் வாசகரைத் தேடக்கூட வேண்டியதில்லை. இந்த அபாயத்தைக் கூட்டுக் கையெழுத்துக்காரருக்கு முன்கூட்டியே தனித்தாளில் சொல்லியாக வேண்டும் என்று 1985 முதல் மத்திய விதி இருக்கிறது. நண்பர் அந்தத் தாளை உட்கார்ந்து படித்து முடித்த பிறகு அவரிடம் பேனாவைக் கொடுக்கலாம்.