பதிவேட்டுக்கு வராத காலியிடங்கள்

அன்புள்ள தம்பி மகனுக்கு,

இயந்திரவியலில் பட்டயம் பெற்று, நாமக்கல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்ட இளைஞர், அழைப்பு வரும் என்று வீட்டில் உட்காருவதற்கு முன் அந்தப் பதிவின் எல்லை எதுவரை என்று அறிந்துகொள்வது நல்லது. காலிப்பணியிடங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்கச் சொல்லி 1959-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், தனியார் துறையில் 25 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. அலுவலகம் அனுப்பும் ஆளையே எடுக்க வேண்டும் என்று அவற்றிடமும் அது கேட்கவில்லை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பை 20 ஆக்கியது. ஆனால் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டும் வாகனம், பழுதுபார்க்கும் கூடங்கள், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்கள் ஆகியவற்றுள் பல பத்துப் பேரைக்கூட எட்டாதவை. அவற்றில் வேலை இருந்தும் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை, ஆள் வேண்டும் என்ற செய்தி மேஸ்திரி வாயிலிருந்து தெரிந்தவர் காதுக்குப் போவதோடு முடிந்துவிடுகிறது.

காலியிடம் தெரிந்தாலும், படித்தவரையும் வேலையையும் பொருத்துவதில் உள்ள உண்மையான சிக்கல் வேறு. சான்றிதழ் என்ன கற்பித்தார்கள் என்று சொல்கிறது. பட்டறைக்காரர் என்ன செய்யத் தெரியும் என்று கேட்கிறார். பாடி பட்டறையில் வெறும் சேசிஸாக வந்து நிற்கும் வண்டியின் மேல் நெடுக்குச் சட்டங்களைக் கிடத்தி, குறுக்குச் சட்டங்களை மட்டம் பார்த்து வைத்து, யூ போல்ட்டால் இறுக்கும் வேலையை அனுபவசாலி கண்ணளவிலேயே முடித்துவிடுவார். எனினும் சரக்கு வாகனப் பாடிக்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற தரவிதி வந்துவிட்ட நிலையில், வரைபடம் படித்து அளவைச் சரிபார்க்கத் தெரிந்தவர் அங்கே உண்மையாகவே தேவைப்படுகிறார். வெல்டிங் ஹோல்டரைக் கையில் பிடித்தே பார்க்காதவர் சொல்லும் அளவைத்தான் அங்கே யாரும் நம்புவதில்லை.

இந்த இடைவெளிக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டத்தின் கீழ், 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனம் பழகுநர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்; 4 பேர் உள்ள சிறு பட்டறையும் விரும்பினால் சேர்க்கலாம். பழகுநர் என்பவர் ஒப்பந்தப்படி உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழில் கற்பவர். பட்டயதாரருக்குரிய குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. காலியிடம் தெரிவிக்கும் சட்டத்தின் கண்ணில் படாத பட்டறை இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது என்பது இந்தப் பகுதி இளைஞருக்குப் பெரிய வாய்ப்பு. இதை எடுத்துச் சொல்வார் இல்லாமல் எத்தனையோ பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஏறுவது வருத்தத்துக்குரியது.

ஆனால் பழகுநர் ஒப்பந்தத்தைப் பதிவுசெய்யாமல் வேலை பழகினால் அந்தக் காலம் கூலிக்கணக்கிலேயே போய்விடும், சான்றிதழ் கிடைக்காது. பழகுநர் பயிற்சி தவிர, 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளும், மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை முகாம்களும் பயனுள்ளவையே. எனினும் முகாமுக்குப் போகும்போது சம்பளத்துக்கு முன்னதாக எந்த எந்திரத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்று கேட்பது அவசியம்.

ஆகவே, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொண்டே, பழகுநர் பயிற்சிக்கான இணையதளத்திலும் இந்த மாதமே பதிந்துவிட்டு, நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளுக்கு நேரில் சென்று, ஒப்பந்தம் போட்டுச் சேர்த்துக்கொள்வார்களா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா