பார்க்டேல் பெற்றோருக்கும் அயலவருக்கும்: பிள்ளைக்குப் புற்றுநோய் என்றால்

டொராண்டோ சிக்கிட்ஸ் மருத்துவமனையில் பிள்ளைக்குச் சிகிச்சை நடக்கிறதா? இவற்றை மனதில் வையுங்கள்.

● கீமோ காலத்தில் காய்ச்சல் அவசர நிலை. வாயில் வைத்துப் பார்க்கையில் ஒருமுறை 38.3 பாகையோ அதற்கு மேலோ, அல்லது ஒரு மணிநேரம் 38 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் உடனே மருத்துவமனையை அழையுங்கள். அவர்களைக் கேளாமல் டைலனோல் கொடுக்காதீர்கள். அது காய்ச்சலை மறைத்துவிடும்.

● மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கட்டணமில்லை. பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள்.

● பிள்ளையைப் பார்க்க வேலையை நிறுத்தினால், தகுதியுள்ளோருக்கு வேலைக் காப்புறுதியில் 35 வாரம் வரை உதவித்தொகை உண்டு.

● சாப்பாட்டுச் செலவுக்கு குழந்தைப் புற்றுநோய்க்கான 'போகோ' (POGO) அமைப்பின் உதவி பற்றி மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் விசாரியுங்கள்.

● அயலவரே, உங்களுக்குத் தடிமன் என்றால் வாசலோடு நில்லுங்கள். சுடச்சுடச் சமைத்துக் கொடுங்கள். அந்த வீட்டின் மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போங்கள். அதுவே பெரிய துணை.