கையாறும் சிறு செயல்களும்

உள்ளம் தளர்ந்த நிலையைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பலவுள. அவற்றுள் 'கையாறு' என்பது தனித்து நோக்கத்தக்கது. எண்வகை மெய்ப்பாடுகளுக்கு அப்பால் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தொகுத்துரைக்கும் முப்பத்திரண்டனுள் இச்சொல் இடம்பெறுகிறது. கையறுதலாவது செயலற்றுப் போதல். தலைவனை இழந்தோர் இரங்கிப் பாடும் புறத்துறைக்கும் கையறுநிலை என்றே பெயர். துயரைக் கண்ணீரால் அளவாது செய்கை ஓய்ந்தமையால் அளந்து பெயரிட்டது நம் மொழி. திருக்குறளிலும் மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்பன 61, 62, 63ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன.

இவ்வுறவை உளவியல் சென்ற நூற்றாண்டில் ஆராய்ந்தது. சோர்வுற்றவன் முதலில் நண்பரைத் தவிர்க்கிறான், பின்னர் விளையாட்டிடத்தை, பின்னர் உணவுக்கூடத்தையும். மகிழ்வு நுழையும் வாயில்கள் ஒவ்வொன்றாய் அடைபடச் சோர்வு முற்றுகிறது. முற்றிய சோர்வு எஞ்சிய வாயில்களையும் அடைக்கிறது. அமெரிக்க உளவியலார் பீட்டர் லெவின்சன் 1970களில் இச்சுழலை விளக்கினார். அவர் பங்குகொண்டு உருவாக்கிய மகிழ்வுதரு நிகழ்ச்சிப் பட்டியலில் 320 செயல்கள் உள்ளன. நண்பரோடு இருத்தல், கதை வாசித்தல் போன்ற எளியனவும் அவற்றுள் அடங்கும். வாசிங்டன் பல்கலைக்கழகத்து நீல் ஜேக்கப்சன் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. செயல்களை மீட்கும் பயிற்சி மட்டும் பெற்றோரும், அதனுடன் எண்ணங்களைத் திருத்தும் பயிற்சியும் சேர்த்துப் பெற்றோரும் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே நலமடைந்தனர். மனம் தெளிந்த பின்னரே எழுவேன் என்று படுத்திருப்பவன் வரிசையை மாற்றிப் போடுகிறான் என்பதே இதன் பொருள்.

இசுலாமிய மரபிலும் இவ்வறிவு பழமையானது. பல்குப் பகுதியிற் பிறந்து 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதியவர். காரணம் அறியப்பட்ட துயர், காரணம் அறியப்படாத துயர் என இருவகைப்படுத்தி, பின்னதற்கு உடல்வழி மருத்துவமும் வேண்டும் என்றார். இக்காலப் பகுப்பு சிலவற்றோடு இஃது ஒத்திருப்பது வியப்பே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி இறைஞ்சியதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் வேண்டுதலில் கவலை, துயரம், இயலாமை, சோம்பல் ஆகியன தொடர்ந்து வருகின்றன. நான்கினின்றும் ஒருசேரப் பாதுகாவல் தேடப்படுகிறது. குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால், கூடிய பெண்கள் கலைந்து உற்றார் மட்டும் எஞ்சிய பின், அன்னை ஆயிஷா (ரலி) தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சச் செய்வார்கள் என்று புகாரியில் காண்கிறோம். நோயுற்ற நெஞ்சுக்கு அஃது ஆறுதல் தரும். துயரிற் சிறிது போக்கும். 'சிறிது' என்னும் அளவு கருதத்தக்கது. கஞ்சியின் குணத்தை மட்டும் பேசுவோர், அதைக் கிளறிய கைகளையும் வட்டிலில் ஊற்றி நீட்டிய கைகளையும் மறந்துவிடுகின்றனர்.

விடுதியில் வாழும் மாணவர்க்கு இஃது எவ்வாறு பயன்படும்? தேர்வில் தோற்றவனை நோக்கி 'ஊக்கம் கொள்' என்பது வீண். ஊக்கம் கைவசம் இருந்தால் அவன் ஏன் படுத்திருக்கிறான்? செயலைச் சிறிதாக்க வேண்டும். பாடநூல் முழுவதும் என்னாது ஒரு பக்கம். அறை முழுவதும் என்னாது பாயைச் சுருட்டிச் சன்னலைத் திறத்தல். காலை ஒளி உடலின் உறக்கக் கடிகாரத்தைச் சீர்செய்யும் என்பதால், சுப்ஹுத் தொழுகைக்குப் பின் மீண்டும் படுக்காமல் சிறிது தொலைவு நடத்தல் இரட்டைப் பயன் தரும். ஒளுச் செய்யும் நீரின் குளிர்ச்சியும் தொழுகை அணியில் அருகு நிற்பவரின் தோளும் தனிமையை முறிக்கும். 'நாளை ஏதேனும் செய்வேன்' என்னாது, 'அஸர் தொழுததும் சட்டையைத் துவைப்பேன்' என நேரமும் செயலும் குறித்தல் நன்று. செய்யுமுன்னும் செய்தபின்னும் மனநிலைக்குப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டு வந்தால், மூன்று நான்காக உயர்வதைக் கண் காணும். உயராத செயலும் உண்டு. அதை விட்டு வேறொன்றை முயலலாம். அடுத்தவர் பொருட்டுச் செய்வனவற்றுள், வீட்டுக்கு எழுதும் கடிதமும் காய்ச்சலுற்ற தோழனுக்கு வாங்கிவரும் கஞ்சியும் எளியன.

எனினும் இவை மருத்துவத்துக்கு மாற்றல்ல. சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்து உறக்கமும் உணவும் குலைந்தால் மருத்துவரை நாடுதல் கடமை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. 2022இல் தொடங்கப்பெற்ற அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பாயைச் சுருட்டவும் கை எழாதவனுக்கு அவ்வெண்ணை அழைத்துக் கொடுப்பது அறைத்தோழனின் பணி.