லூப்புக்குள் க்வெரி எதற்கு?

பிஎச்பியில் பல வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட பில்லிங் தளங்களைச் சீராக்கித் தரும் வேலைதான் எனக்கு அதிகம் வருகிறது. "பக்கம் திறக்கவே மாட்டேங்குது சார், பெரிய சர்வரா மாத்திடலாமா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பணத்தைக் கட்டிப் பெரிய சர்வருக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை ஃபைலைத் திறந்து பார்க்கச் சொல்வேன். ஒரு வைல் லூப், அதற்குள் ஒரு க்வெரி, அந்த க்வெரிக்கு இன்னொரு வைல் லூப். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

அன்றைய பில்களைக் காட்டும் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். முதல் க்வெரி பில்களை எடுக்கிறது. லூப் ஒவ்வொரு பில்லாகப் போகிறது. உள்ளே வாடிக்கையாளர் பெயருக்கு ஒரு க்வெரி, பில்லில் உள்ள சரக்குகளுக்கு ஒரு க்வெரி. 300 பில் என்றால் 601 க்வெரி. எழுதியவருடைய லேப்டாப்பில் பத்துப் பதினைந்து பில்தான் இருந்திருக்கும். பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் ஒரே மெஷினில் ஓடியிருக்கும். அதனால் எதுவும் தெரிந்திருக்காது. டேட்டாபேஸ் வேறு சர்வருக்குப் போன பிறகு, ஒரு க்வெரி போய்த் திரும்ப 2 மில்லி செகண்ட் என்று வைத்தாலும், வெறும் போக்குவரத்துக்கே 1.2 செகண்ட் ஆகிவிடுகிறது. இதைத்தான் புரோகிராமர்கள் 'என் பிளஸ் ஒன்' பிரச்சினை என்கிறார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். டெஸ்ட் சர்வரில் மைஎஸ்க்யூஎல்லின் ஜெனரல் லாகை ஆன் செய்துவிட்டுப் பக்கத்தை ஒரே ஒரு தடவை திறந்து பாருங்கள். ஒரே க்வெரி, கடைசியில் உள்ள எண் மட்டும் மாறி மாறி, பக்கம் பக்கமாக ஓடியிருந்தால் சந்தேகமே வேண்டாம். வேலை முடிந்ததும் லாகை மறக்காமல் ஆஃப் செய்யுங்கள், டிஸ்க் நிறைந்துவிடும்.

வாடிக்கையாளர் பெயர் விஷயத்தில் தீர்வு சின்னது. ஒரு பில்லுக்கு ஒரு வாடிக்கையாளர்தான், ஆகவே முதல் க்வெரியிலேயே ஜாயின் போட்டுவிடலாம். ஆனால் லெஃப்ட் ஜாயின் போடுங்கள். ரொக்கத்துக்கு வாங்கிப்போனவர்களின் பில்லில் வாடிக்கையாளர் எண் இருக்காது. சாதாரண ஜாயின் அந்த பில்களையே பட்டியலிலிருந்து தூக்கிவிடும். எர்ரர் எதுவும் வராது, நாளின் மொத்தம் மட்டும் குறையும். இரண்டு டேபிளிலும் 'பெயர்' என்று ஒரே பெயரில் ஃபீல்டு இருந்தால் மாற்றுப்பெயரும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பிஎச்பி அரேயில் பின்னால் வருவது முன்னால் வந்ததன்மேல் எழுதிவிடும்.

சரக்குகளுக்கும் அதே ஜாயினை நீட்டலாமே என்று கை பரபரக்கும். இங்கேதான் நிதானிக்க வேண்டும். 5 சரக்கு உள்ள பில் 5 வரிசையாகத் திரும்பி வரும். பில் தொகையை லூப்பில் கூட்டிக்கொண்டே போனால் அந்த பில் ஐந்து தடவை கணக்கில் ஏறும். பக்கத்துக்கு 50 பில் என்று லிமிட் போட்டிருந்தால் அது 50 சரக்கு வரிசைகளை எண்ணி நின்றுவிடும். கடைசி பில் பாதியில் அறுபடும். பணம் கட்டிய விவரங்களையும் அதே க்வெரியில் ஜாயின் செய்தால் 5 சரக்கு, 3 தவணை என்று இருக்கும் பில் 15 வரிசையாகப் பெருகும். இதைச் சரிசெய்ய டிஸ்டிங்ட் போடுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒரே பொருள் ஒரே அளவில் நியாயமாகவே இரண்டு தடவை பில் போடப்பட்டிருந்தால் அதில் ஒன்றை அது விழுங்கிவிடும்.

நான் செய்வது இப்படி. முதல் க்வெரியில் பில்கள் வரட்டும். பில் எண்ணையே கீயாக வைத்து அவற்றை ஒரு அரேயில் அடுக்கிக்கொள்வேன். அந்த எண்களை எல்லாம் 'இன்' அடைப்புக்குள் கொடுத்து இரண்டாவது க்வெரி, அதில் எல்லா பில்களின் சரக்குகளும் ஒரே தடவையில் வந்துவிடும். ஒரு சின்ன லூப் ஒவ்வொரு சரக்கையும் அதனதன் பில் எண்ணின் கீழ் சேர்க்கும். அதற்குப் பிறகுதான் எச்டிஎம்எல் எழுதும் லூப்; அது அரேயை மட்டும் பார்க்கும், டேட்டாபேஸ் பக்கமே போகாது. பில் 300 ஆனாலும் 500 ஆனாலும் க்வெரி இரண்டுதான். தவணைகளும் வேண்டுமானால் மூன்று.

இதில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். விடுமுறை நாளில் ஒரு பில்கூட இருக்காது, 'இன்' அடைப்பு காலியாகப் போகும், மைஎஸ்க்யூஎல் அதைப் பிழை என்று திருப்பியடிக்கும். ஆகவே பில்லே இல்லாவிட்டால் இரண்டாவது க்வெரியை ஓட்டாதீர்கள். இன்னொன்று, சரக்கே இல்லாத பில். அதன் கீழ் கீ உருவாகியே இருக்காது. இரட்டைக் கேள்விக்குறி போட்டு ஒரு காலி அரேயைக் கொடுத்துவிட்டால் லூப் சத்தமில்லாமல் கடந்துபோகும்.

அரேயில் அடுக்கச் சொல்வதற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. க்வெரி தரும் ரிசல்ட் ஒரு தடவை முன்னோக்கிப் படித்து முடித்தால் கடைசியில் போய் நின்றுகொள்ளும். அதே ரிசல்ட்டைப் பக்கத்தின் அடியில் இன்னொரு வைல் லூப்பில் போட்டால் ஒரு வரிகூட வராது, எர்ரரும் வராது. டேட்டா சீக் கொடுத்து ஆரம்பத்துக்குத் திருப்பலாம்தான். ஃபெட்ச் ஆல் கொண்டு மொத்தத்தையும் அரேயாக எடுத்து வைத்துக்கொள்வதே எனக்குப் பிடிக்கும். மைஎஸ்க்யூஎல்ஐயில் ஃபெட்ச் ஆல் எண் கீகளைத்தான் தரும். ஃபீல்டு பெயர்கள் வேண்டுமென்றால் அசோக் என்று கேட்டு வாங்க வேண்டும்.

"ஒரே ஒரு பில்தான் வருது, மத்ததைக் காணோம்" என்ற புகார் வந்தால் வேரியபிள் பெயர்களைப் பாருங்கள். வெளி லூப்பின் ரிசல்ட்டுக்கும் உள் லூப்பின் ரிசல்ட்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள். உள் லூப் தன் வரிசைகளைப் படித்துத் தீர்த்துவிடும். வெளி லூப் திரும்பி வந்து அதே காலி ரிசல்ட்டிடம் அடுத்த பில்லைக் கேட்டு நின்றுவிடும். கடைசி வரிசைக்குப் பதில் அதற்கு முந்தைய வரிசையே இரண்டு தடவை வந்தால் அது வேறு கதை: முந்தைய ஃபார்ஈச்சில் ஆம்பர்சாண்ட் போட்ட வேரியபிளை அன்செட் செய்யாமல் அதே பெயரை அடுத்த ஃபார்ஈச்சில் பயன்படுத்தியிருப்பார்கள்.

ஸ்டோர்டு புரொசீஜரைக் கூப்பிடும் பக்கங்களில் 2014 என்ற எர்ரர் எண்ணைப் பார்த்திருப்பீர்கள், 'கமாண்ட்ஸ் அவுட் ஆஃப் சிங்க்'. புரொசீஜர் தன் பட்டியலைத் தந்த பிறகு, முடிந்தது என்று சொல்ல இன்னொரு ரிசல்ட்டும் அனுப்பும். அதை வாங்காமல் அடுத்த க்வெரியை அனுப்பினால் மைஎஸ்க்யூஎல் மறுத்துவிடும். ஒவ்வொரு ரிசல்ட்டாகப் படித்து, விடுவித்து, நெக்ஸ்ட் ரிசல்ட் இல்லை என்று சொல்லும்வரை போக வேண்டும். மல்டி க்வெரிக்கும் இதே முறைதான். ஆனால் பயனர் தட்டச்சு செய்தது எதுவும் மல்டி க்வெரிக்குள் போக நான் விடுவதில்லை; அரைப்புள்ளி ஒன்று போட்டு ஒரு டெலிட்டையும் சேர்த்து அனுப்பிவிட முடியும்.

அரே முறை பொருந்தாத இடம் ஒன்று உண்டு. வருடக் கடைசியில் ஆடிட்டருக்காக லட்சக்கணக்கான வரிசைகளை சிஎஸ்வியாக இறக்குவார்கள். பிஎச்பியின் மெமரி லிமிட் சொல்லிவைக்காவிட்டால் 128 எம்பி; அத்தனையையும் அரேயில் அடுக்கினால் பாதியில் செத்துவிடும். அங்கே பஃபர் இல்லாத க்வெரியாக ஓட்டி, வரும் வரிசையை உடனுக்குடன் ஃபைலில் எழுதிவிடுவேன். அது ஓடி முடியும்வரை அதே கனெக்‌ஷனில் வேறு க்வெரி அனுப்ப முடியாது, அனுப்பினால் மறுபடி அந்த 2014தான். அதனால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் எல்லாவற்றையும் ஜாயின் செய்து, பில் எண் வரிசைப்படி எடுத்து, பில் எண் மாறும் இடத்தில் மட்டும் மொத்தத்தைக் கூட்டுகிறேன்.