உட்பொதிந்த முறைமைகள்: பணிசெயல் முறைமைச் செலவு ஒப்பீடு

வழிப்படுத்தி, தன்னியக்கப் பணப்பொறி போன்ற சாதனங்களினுள் குறித்த பணியொன்றுக்காக அமைக்கப்பட்ட கணினி உட்பொதிந்த முறைமை எனப்படும். இவற்றின் மென்பொருளை விருத்தி செய்வோர் பணிசெயல் முறைமையொன்றைத் தெரிவு செய்யும்போது செலவு ஒப்பீடுகளை நாடுவர். அவற்றை ஆராயாது ஏற்றல் தவறாகும்.

உதாரணம்
பின்வருமாறு கொள்க.
அ: உரிமக் கட்டணம் சாதனமொன்றுக்கு ரூ. 500, விருத்திச் செலவு ரூ. 20 இலட்சம்.
ஆ: உரிமக் கட்டணம் இல்லை, விருத்திச் செலவு ரூ. 30 இலட்சம்.

1000 சாதனங்களுக்கு: அ = ரூ. 25 இலட்சம், ஆ = ரூ. 30 இலட்சம்
5000 சாதனங்களுக்கு: அ = ரூ. 45 இலட்சம், ஆ = ரூ. 30 இலட்சம்
செலவுகள் சமப்படும் எண்ணிக்கை = 10,00,000 ÷ 500 = 2000

எனவே விருத்திச் செலவை மட்டும் காட்டும் அறிக்கை அ இற்கும், உரிமக் கட்டணத்தை மட்டும் காட்டும் அறிக்கை ஆ இற்கும் சாதகமாக அமையும். இரண்டிலும் பொய் இல்லை. ஆயினும் இரண்டும் முழுமையானவை அல்ல.

ஒப்பீடொன்றிடம் கேட்கவேண்டிய வினாக்கள்
1. நிதி வழங்கியவர் யார்? வின்டோஸ் சார்ந்த உட்பொதிந்த முறைமைகள் லினக்ஸைவிடச் செலவு குறைந்தவை என 2003 இல் வெளியான ஆய்வொன்றுக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனமே நிதி வழங்கியது. இதனால் மட்டும் முடிவு பிழையாகிவிடாது. ஆனால் தரவுகளைக் கூர்ந்து நோக்க வேண்டும்.
2. ஒப்பிடப்பட்ட செயற்றிட்டங்கள் ஒத்த தன்மையனவா? செய்நிரலாளரின் முன்னனுபவம் சமமானதா?
3. பராமரிப்புக் காலம் கணிக்கப்பட்டதா? 1996 இல் அறிமுகமான வின்டோஸ் சீஈ வரிசையின் இறுதிப் பதிப்புக்கான ஆதரவு 2023 இல் முடிவுற்றது. அதன் பின்னரும் பயன்பாட்டிலுள்ள சாதனங்களை வேறு முறைமைக்கு மாற்றுவதும் செலவே.
4. உரிம நிபந்தனைகள் கருதப்பட்டனவா? லினக்ஸ் கருவை மாற்றியமைத்துச் சாதனத்துடன் விநியோகிப்பவர், அதைப் பெறுவோருக்கு அம்மாற்றங்களின் மூலக் குறிமுறையையும் கிடைக்கச் செய்தல் வேண்டும்.

நினைவிற் கொள்க: "இலவசம்" என்பது உரிமக் கட்டணத்தையே குறிக்கும், மொத்தச் செலவை அன்று.

பயிற்சி
மேலுள்ள உதாரணத்தில் உரிமக் கட்டணம் ரூ. 250 ஆயின், செலவுகள் சமப்படும் எண்ணிக்கை யாது? 3000 சாதனங்களைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு எது சிக்கனமானது?

விடை: 4000. 3000 சாதனங்களுக்கு அ = ரூ. 27.5 இலட்சம், ஆ = ரூ. 30 இலட்சம். எனவே அ சிக்கனமானது.