விண்டோஸை மாற்றுவதா, லினக்சுக்குப் போவதா? கடைக்காரர் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு

2025ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. அதற்கு ஆறு நாள் முன்பு, அக்டோபர் 14ஆம் தேதியோடு, விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்தியது. மளிகைக் கடைகளில் கடலை மாவும் வெல்லமும் எண்ணெயும் மும்முரமாகப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. கல்லாவுக்கு முன்னால் ஆள் நிற்க, திரை முழுவதும் ஓர் அறிவிப்பு வந்து வழிமறித்ததைப் பல வணிக நண்பர்கள் பார்த்திருப்பார்கள். ‘பிறகு பார்க்கலாம்’ என்று அழுத்திவிட்டு அடுத்த பில்லைப் போட்டிருப்போம். அன்றைக்கு அதுதான் சரி. ஆனால் அந்தப் ‘பிறகு’ என்றைக்கு என்பதை நாம்தான் முடிவு செய்தாக வேண்டும்.

இது பற்றி யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. சர்வீஸ் செய்யும் தம்பி புது மெஷின் வாங்கச் சொல்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன், லினக்ஸ் இலவசம், அதைப் போடலாம் என்கிறான். கணக்குப்பிள்ளையோ ஓடுகிற வண்டியில் கை வைக்காதீர்கள் என்கிறார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எது யாருக்குப் பொருந்தும் என்பது விண்டோஸையோ லினக்சையோ பொறுத்ததல்ல. உங்கள் கடைக் கணக்கு எந்த புரோகிராமில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில், ஆதரவு நின்றது என்றால் என்ன? கம்ப்யூட்டர் நின்றுவிடாது. பழையபடி பில் போடும். ஆனால் அதில் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க யாரும் வர மாட்டார்கள். இது வெறும் மிரட்டல் அல்ல. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் உலகெங்கும் பரவியது. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் ஊராட்சி அலுவலகக் கம்ப்யூட்டர்கள்கூடச் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. திருத்தமே வராத கம்ப்யூட்டரின் நிலையை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அவகாசம் தேவைப்படுவோருக்கு ஒரு வழி அறிவிக்கப்பட்டது. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள். கட்டணம் 30 டாலர், அல்லது சில நிபந்தனைகளின் பேரில் இலவசம். நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டு வரை தருவதாகவும், கம்ப்யூட்டர் ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர் என்றும், ஆண்டுதோறும் அது இரட்டிப்பாகும் என்றும் சொன்னார்கள். வட்டி ஏறும் கைமாற்று போலத்தான் இது. யோசிக்கக் காலம் வாங்கலாம்; இதையே நம்பி இருக்க முடியாது.

என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது 2014 ஏப்ரல் 8-இல். அப்போதும் இதே பேச்சுதான். நான் ஆறு மாதம் தள்ளிப்போட்டு, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் அவசரப்பட்டு மாற்றச் சொன்னேன். “காப்பி எடுத்தாச்சு அண்ணே, டி டிரைவ்ல இருக்கு” என்றார் வந்த தம்பி. நானும் தலையாட்டினேன். டி டிரைவ் என்பது தனிப் பெட்டி அல்ல, அதே டிஸ்க்கின் இன்னொரு பாகம் என்பது எனக்குத் தெரியாது. புதிதாகப் போடும்போது டிஸ்க்கை முழுவதும் பிரித்துப் போட்டதில் காப்பியும் சேர்ந்து போயிற்று. கொள்முதல் கணக்கை ஆடிட்டரிடம் இருந்த நகல்களைக் கொண்டு திரும்ப எழுதிவிட்டோம். வாடிக்கையாளர் கடன் பாக்கிதான் போனது. வீடு வீடாகச் சொல்லி அனுப்பி, அவரவர் வைத்திருந்த சிட்டை நோட்டைப் பார்த்துப் பேரேட்டை எழுதினோம். பெரும்பாலோர் நேர்மையாகவே நோட்டைக் காட்டினார்கள். காட்டாதவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. கணக்கைத் தொலைத்தவன் நான்.

கம்ப்யூட்டரைக் கடையோடு ஒப்பிட்டால் விஷயம் எளிதில் விளங்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது கட்டடம். பில் போடும் புரோகிராம் அதற்குள் அடித்த ரேக். கணக்கு விவரம் ரேக்கில் அடுக்கிய சரக்கு. கட்டடம் மாறினால், பழைய ரேக் புது இடத்தில் நிற்குமா என்று பார்க்க வேண்டும். நிற்காது என்றால், சரக்கையாவது சேதமில்லாமல் எடுத்துப்போக முடியுமா என்று பார்க்க வேண்டும். வாடகை குறைவு என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வரும் பேச்சு.

நம் பகுதிக் கடைகளில் இன்றும் டாஸ் காலத்து புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்றால் வெளியார் நம்ப மாட்டார்கள். கடலூர் முதுநகரில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், தொண்ணூறுகளில் ஃபாக்ஸ்புரோவில் எழுதி வாங்கிய புரோகிராமை இன்னும் வைத்திருக்கிறார். குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டைச் சில்லறைக் கடைகளின் பாக்கி முழுவதும் அதில்தான். எழுதித் தந்தவர் இப்போது தொழிலில் இல்லை. விண்டோஸ் 10-இல் 32 பிட், 64 பிட் என இரு வகை உண்டு. 32 பிட் வகையில் டாஸ் புரோகிராம் ஓடும். விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே. அதில் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. ஆகவே புது மெஷின் வாங்கினால் அவருடைய ரேக் கட்டடத்துக்குள் நுழையாது.

வேடிக்கை என்னவென்றால், டாஸ்பாக்ஸ் என்ற இலவச புரோகிராமின் உதவியால் அந்த ஃபாக்ஸ்புரோ லினக்சிலும் ஓடும், விண்டோஸ் 11-லும் ஓடும். நண்பரின் மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக் காட்டினார். திரை வந்தது, கணக்கு வந்தது, பிரிண்ட் வரவில்லை. சாதாரண டாஸ்பாக்ஸில் பிரிண்டர் வசதி கிடையாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற வேறு வடிவத்தில் உண்டு என்று தெரிந்து, அதைப் போட்டுப் பார்த்ததில் டாட் மேட்ரிக்சில் பில் வந்தது. வரிகள் மட்டும் சற்றுத் தள்ளி விழுந்தன. அதற்கு மேல் நண்பர் யோசித்தார். மருமகன் வெளியூர் போய்விட்டால் இதை யார் பார்ப்பது? கடைசியில் அவர் செய்தது வேறு. ஃபாக்ஸ்புரோவின் டி.பி.எஃப். கோப்புகளை லிப்ரே ஆபீசில் நேராகத் திறக்கலாம். அப்படித் திறந்து பாக்கிப் பட்டியலை எடுத்து, புதிய புரோகிராமில் ஆரம்ப இருப்பாக ஏற்றிவிட்டார். பழைய மெஷின் நெட் இணைப்பில்லாமல் மூலையில் இருக்கிறது, பழைய கணக்கைப் பார்ப்பதற்காக மட்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, வருடாந்திர ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பதால் இது அவசியமும்கூட.

டேலி வைத்திருப்போருக்குக் கணக்கு இன்னும் நேரானது. டேலி, விண்டோசுக்கென்றே செய்யப்பட்டது. வைன் என்ற இடைப்பொருளை வைத்து லினக்சில் ஓட்டிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் ஏதாவது தகராறு என்றால், டேலிக்காரர் லினக்ஸைக் காட்டுவார், லினக்ஸ் தெரிந்தவர் டேலியைக் காட்டுவார். என் அபிப்பிராயத்தில், டேலியை நம்பி இருக்கும் கடை விண்டோஸிலேயே இருந்துவிடுவது நல்லது.

பிரவுசரில் பில் போடும் முறைக்கு வந்துவிட்டவர்களுக்கு எந்த சிஸ்டமானாலும் ஒன்றுதான். ஜி.எஸ்.டி. இணையதளமும் லினக்சில் திறக்கும். தனி உரிமையாளர்கள் ஓ.டி.பி. முறையிலேயே ரிட்டர்னை உறுதி செய்யலாம். கம்பெனிகளுக்கும் எல்.எல்.பி.களுக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம் என்பதால் அது வேலை செய்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும். மாக்ரோ வைத்த எக்ஸெல் கோப்புகளில் கணக்கு அனுப்பும் ஆடிட்டர்கள் உண்டு. அவை லிப்ரே ஆபீசில் சரியாக ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது. அதோடு, நெட் இல்லாவிட்டால் பில் இல்லை. தானே புயலில், 2011 டிசம்பர் 30-க்குப் பிறகு, கரண்ட்டுக்கே எத்தனை நாள் காத்திருந்தோம் என்பதை நம் மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பில் பிரிண்டர், எடைத்தராசு, பார்கோடு ரீடர் ஆகிய மூன்றையும் கேட்பார்கள். ரீடர் பெரும்பாலும் கீபோர்டு போலவே வேலை செய்வதால் எங்கும் ஓடும். மற்ற இரண்டையும் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு லினக்சில் ஒரு நல்ல வசதி: பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கில் எதையும் தொட வேண்டாம். கடை மூடிய பிறகு அரை மணி நேரம் போதும். சரக்குப் பெயர்களைப் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருப்பவர்கள் அதையும் அப்போதே பார்த்துக்கொள்ளட்டும்; அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் ‘துவரம் பருப்பு’ புரியாத குறிகளாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இரண்டு சிஸ்டத்திலும் தொல்லையில்லை.

லினக்சுக்கு மாறி யாரும் வெற்றி பெறவில்லையா என்று கேட்கலாம். பெற்றிருக்கிறார்கள். நம் மாநில அரசின் எல்காட் நிறுவனமே, சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், தன் கம்ப்யூட்டர்களை சூசே லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாற்றியது. கேரளப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடமே லினக்சில்தான் நடக்கிறது. ஆனால் எல்காட்டில் சொந்த டெக்னிக்கல் ஆட்கள் இருந்தார்கள், கேரளத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நம் மாநிலத்தில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்த்தே தந்தார்கள். பிள்ளைகள் எதைத் திறந்தார்கள் என்பதை வீட்டில் பார்த்தவர்கள் அறிவார்கள். குறை லினக்சில் இல்லை. சொல்லித் தர பக்கத்தில் ஆள் இல்லை. சிதம்பரத்திலோ கடலூரிலோ, கூப்பிட்டால் அன்றே வந்து லினக்ஸைச் சரிசெய்யும் ஆள் உங்களுக்கு உண்டா? இருந்தால் தாராளமாகப் போகலாம். மேலும், லினக்சுக்கும் கெடு உண்டு: உபுண்டு 24.04-க்கு வழக்கமான ஆதரவு 2029 வரைதான். புதுப்பிக்கக் காசு வேண்டாம், ஆனால் வேலை உண்டு.

விண்டோஸிலேயே இருப்பவர்கள் மெஷினின் பிராசசரைப் பார்க்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல் விண்டோஸ் 11 ஏற்கும். ஐ3-7100 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை, தேறாது. ஐ3-8100 தேறும். ஐ3-10100 என்பது பத்தாம் தலைமுறை. இத்துடன் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், 4 ஜி.பி. ராமும் கேட்கிறார்கள். மைக்ரோசாப்டின் ‘பி.சி. ஹெல்த் செக்’ என்ற புரோகிராம் இதைச் சோதித்துச் சொல்லிவிடும். முறையான விண்டோஸ் 10 உள்ள மெஷின் தேறினால் 11-க்குப் பணம் கட்ட வேண்டாம். பலர் இதை அறியாமலே புது மெஷின் வாங்கப் போகிறார்கள். தேறாத மெஷினில் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் போட்டுத் தருபவர்கள் உண்டு. அப்படிப் போட்டதற்குத் திருத்தங்கள் வரும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது. எந்தத் திருத்தம் நின்றுபோனது என்பதற்காக மாற்றுகிறோமோ, அதுவே கிடைக்காது. புது மெஷின்தான் என்று முடிவானால், கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் கேட்டு வாங்குங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்கள் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றும் நாளுக்கு ஏற்றது ஏப்ரல் 1. புதுக் கணக்கு, புது பில் வரிசை. மார்ச் கடைசி இரண்டு வாரம் பழையதில் பில் போட்டுக்கொண்டே, இரவில் அதே பில்களைப் புதியதிலும் ஏற்றிப் பார்க்கலாம். அந்த நாளில் முடியாதவர்கள் வேறு நாள் வைத்துக்கொள்ளட்டும். ராகு காலம் பார்ப்பவர்கள் பார்க்கலாம். ஆனால் ரிட்டர்ன் கெடு விழும் 11, 20 தேதிகளை ஒட்டி வேண்டாம், பண்டிகைக்கு முந்தைய மாதமும் வேண்டாம்.

மாற்றுவதற்கு முந்தைய நாள் வாடிக்கையாளர் பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி, சரக்கு இருப்பு மூன்றையும் காகிதத்தில் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வையுங்கள். கணக்கின் காப்பியை இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தபோது கீழ்த்தளத்தில் இருந்தது எதுவும் தப்பவில்லை. பிறகு அந்தக் காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில், உங்கள் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். கையிருப்பு ரொக்கம், மொத்தக் கடன் பாக்கி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாடிக்கையாளரின் கணக்கு, இந்த மூன்றையும் காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால், பழைய டிஸ்க்கில் கை வைக்கச் சொல்லலாம்.