பள்ளிச் சேவையகத்தில் ஓர் உரையாடல் உதவியாளர்

வகுப்புத் தேர்வு முடிந்த மாலை. மதிப்பெண் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்து, இலவச உரையாடல் செயலி ஒன்றில் ஏற்றி, 'குறைந்த மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பயிற்சி வினாக்கள் தயாரித்துக் கொடு' என்று கேட்கிறோம். ஒரு நிமிடத்தில் வினாக்கள் வந்துவிடுகின்றன. வேலை எளிதாயிற்று. ஆனால், முப்பது குழந்தைகளின் பெயரும் மதிப்பெண்ணும் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்விட்டன.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலையும் கேட்கிறது. எனவே, உரையாடல் செயலியைப் பயன்படுத்தலாமா என்பதோடு, அது எந்தக் கணினியில் இயங்குகிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும். அது நம் பள்ளிக் கணினியிலேயே இயங்க முடியும். எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

லினக்ஸ் நமக்குப் புதிதன்று

நந்தனத்தில் இயங்கும் எல்காட் நிறுவனம் பதினைந்து ஆண்டுகளுக்கும் முன்பே தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய அனுபவம் உடையது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் உபுண்டுவை அறிமுகம் செய்கிறது. அடையாற்றை ஒட்டிய சென்னை ஐஐடி வளாகத்தில் இயங்கும் 'ஏஐ4பாரத்' குழு, அட்டவணையில் உள்ள 22 இந்திய மொழிகளுக்கான 'இண்டிக்டிரான்ஸ்2' மொழிபெயர்ப்பு மாதிரியை 2023இல் வெளியிட்டது. அதை எவரும் பதிவிறக்கிக்கொள்ளலாம். இயங்குதளமும் மொழி மாதிரியும் திறந்த நிலையில் கிடைக்கின்றன. அவற்றை இணைப்பதே நம் வேலை.

என்ன தேவை?

மொழி மாதிரி என்பது கோடிக்கணக்கான எண்களின் தொகுப்பு. 400 கோடி எண்கள் கொண்ட ஒரு மாதிரியில், ஒவ்வோர் எண்ணையும் 4 பிட்டில் சுருக்கிச் சேமித்தால் 200 கோடி பைட், அதாவது 2 ஜிபி ஆகும். சில பகுதிகளைச் சுருக்காமல் வைப்பதால் நடைமுறையில் கோப்பு சுமார் 3 ஜிபி வரும். இது முழுவதும் நினைவகத்தில் ஏற வேண்டும். எனவே, 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் தொடங்கலாம்; 16 ஜிபி இருந்தால் நல்லது. வரைகலை அட்டை இல்லாவிட்டாலும் இயங்கும். ஆனால் விடை மெதுவாகத்தான் வரும். முப்பது மாணவர்கள் ஒரே நேரத்தில் கேட்டால் வரிசையில் காத்திருக்க நேரும். ஆகவே குழுவுக்கு ஒரு கேள்வி என்று திட்டமிடுவோம்.

நிறுவும் படிகள்

கட்டளைகளை அந்தந்த மென்பொருளின் ஆவணத்தில் உள்ளபடியே தட்டச்சிடலாம். எதை, ஏன் செய்கிறோம் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

1. நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு பதிப்பை நிறுவுங்கள். 24.04 பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு மேம்பாடுகள் உண்டு.

2. 'ஓலாமா' என்ற மென்பொருளை நிறுவுங்கள். மாதிரியை நினைவகத்தில் ஏற்றி இயக்குவது இதுதான். இது 11434 என்ற துறையில், அதே கணினியிலிருந்து வரும் அழைப்புகளை மட்டுமே கேட்கும். இதற்குக் கடவுச்சொல் கிடையாது. எனவே இந்த அமைப்பை மாற்றாதீர்கள்.

3. ஒரு மாதிரியைப் பதிவிறக்குங்கள். கூகுள் 2025இல் வெளியிட்ட 'ஜெம்மா 3' தமிழ் உட்பட பல மொழிகளைக் கையாளும். அதன் 400 கோடி அளவுள்ள வடிவம் தொடக்கத்திற்குப் போதும். இணையம் தேவைப்படுவது மென்பொருள்களையும் மாதிரியையும் இறக்கும்போதுதான். பிறகு இணைப்பைத் துண்டித்தாலும் விடை வரும். மாணவர் முன்னிலையில் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டுக் காட்டுங்கள். 'மேகம்' என்று நாம் சொல்வது யாரோ ஒருவரின் கணினியே என்பது அப்போது விளங்கும்.

4. 'ஓப்பன் வெப்யூஐ' என்ற உரையாடல் பக்கத்தை, டாக்கர் எனும் கொள்கலனில் நிறுவுங்கள். ஆய்வகக் கணினிகளின் உலாவியில் தெரியப்போவது இதுதான்.

பலரும் தடுமாறும் இடம் நான்காம் படி. பக்கம் திறக்கும், ஆனால் மாதிரிப் பட்டியல் காலியாக இருக்கும். காரணம் எளிது. கொள்கலன் என்பது வீட்டுக்குள் தனிப் பூட்டு போட்ட ஓர் அறை போன்றது. அறைக்குள் இருப்பவர் 'இங்கே' என்றால் அந்த அறையைத்தான் சொல்கிறார். ஓலாமாவோ கூடத்தில் இருக்கிறது. கொள்கலனைத் தொடங்கும்போதே, சேவையகத்தின் வலையமைப்பை நேரடியாகப் பயன்படுத்தும் விருப்பத்தைத் தேர்ந்து, ஓலாமாவின் முகவரியையும் கொடுத்துவிட்டால் சிக்கல் தீரும். அப்போது பக்கம் 8080 துறையில் கிடைக்கும். உரையாடல்களும் கணக்குகளும் சேமிக்கப்படும் கோப்புறையைக் கொள்கலனுக்கு வெளியே வைக்கவும் மறக்க வேண்டாம். இல்லையெனில் புதிய பதிப்புக்கு மாறும் நாளில் எல்லாம் அழிந்துவிடும்.

பூட்டும் சாவியும்

முதலில் பதிவு செய்பவரே நிர்வாகி ஆகிறார். எனவே, மாணவருக்கு முகவரியைச் சொல்லும் முன்பே உங்கள் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். அடுத்து வருபவர்கள் உங்கள் அனுமதிக்குக் காத்திருப்பார்கள். தீச்சுவரில் 8080 துறையை ஆய்வக வலையமைப்புக்கு மட்டும் திறந்து வையுங்கள். இணையத் தேடல் வசதியை அணைத்தே வையுங்கள். அதை இயக்கினால் கேள்வி மீண்டும் வெளியே போகும்.

இன்னொன்றையும் மாணவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: நிர்வாகியால் மற்றவர் உரையாடல்களைப் பார்க்க முடியும். பள்ளிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்காகக் குழந்தைகளின் பெயர், சாதி, உடல்நலம், குடும்பச் சூழல் எதையும் இதில் எழுதக் கூடாது.

தமிழ் ஏன் தடுமாறுகிறது?

'தமிழ்' என்ற சொல்லில் மூன்று எழுத்துகள். யூனிகோடில் இது ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். 'டமில்' என்பதை ஐந்து ஆங்கில எழுத்துகளில் எழுதினால் 5 பைட்தான். மாதிரிகள் உரையை 'டோக்கன்' என்ற துண்டுகளாக வெட்டியே படிக்கின்றன. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வடிவமைத்த மாதிரிகள் தமிழ்ச் சொல்லைப் பொடிப்பொடியாக வெட்டிவிடும். 2023இல் வெளியான 'தமிழ் லாமா' மாதிரி, லாமா 2இன் சொற்பட்டியலில் 16,000 தமிழ் டோக்கன்களைச் சேர்த்தது இதைச் சரிசெய்யத்தான்.

இதனால் வகுப்பில் ஒரு விளைவு உண்டு. மாதிரி ஒரே நேரத்தில் கவனத்தில் வைக்கும் அளவுக்கு வரம்பு உள்ளது. நீண்ட தமிழ்ப் பாடத்தை மொத்தமாக ஒட்டினால், எச்சரிக்கை இல்லாமலே ஒரு பகுதி விடுபடலாம். பாடத்தைப் பத்தி பத்தியாகக் கொடுங்கள். ஆவணமாக ஏற்றுவதானால் அது யூனிகோடில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் அமைந்த பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகளாக வரும். மாதிரிக்கும் அப்படித்தான் தெரியும்.

வகுப்பில் செய்து பார்ப்போம்

சிறிய மாதிரிகள் உள்ளூர்ச் செய்திகளில் எளிதில் தவறும். தவறைத் தயங்காமல் சொல்லும். அந்தக் குறையையே பாடமாக்கலாம். வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வினா கொடுங்கள்.

• தியாகராய நகர் யார் பெயரைத் தாங்கியது? அங்குள்ள பூங்காவின் பெயருக்குரியவர் யார்? (சர் பிட்டி தியாகராயர், பனகல் அரசர்)

• மயிலாப்பூரில் அறுபத்துமூவர் விழா எந்தத் தமிழ் மாதத்தில் நடக்கிறது? (பங்குனி)

• அடையாற்றுப் பிரம்மஞான சபை முதன்முதலில் எங்கே, எப்போது தொடங்கப்பட்டது? (நியூயார்க், 1875. தலைமையிடம் 1882இல் அடையாற்றுக்கு வந்தது.)

விடையை மாணவர்கள் குறிப்பேட்டில் இரு பத்திகளாக எழுதட்டும்: இயந்திரம் சொன்னது ஒரு பக்கம், நூலகத்திலும் பெரியவர்களிடமும் கேட்டு அறிந்தது மறுபக்கம். அதே வினாவை ஆங்கிலத்திலும் கேட்டு ஒப்பிடலாம். மூன்றாவதாக, சரியான தகவல் அடங்கிய ஒரு பத்தியை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் கேட்கட்டும். விடை எப்படி மாறுகிறது என்பதே அன்றைய பாடத்தின் முடிவு. பிற ஊர்ப் பள்ளிகள் தங்கள் தெரு, ஏரி, திருவிழா பற்றி இப்படியே வினாக்கள் அமைத்துக்கொள்ளலாம்.

தொடக்கநிலை வகுப்புகளில் மாணவரைத் தனியே இதில் அமர்த்த வேண்டாம். ஆசிரியர் திரையில் காட்ட, அனைவரும் சேர்ந்து பிழை தேடட்டும். வினாத்தாள் வரைவு, கதைக்கு மாற்று முடிவு, ஒரு கணக்கை மூன்று விதமாகச் சொல்வது போன்ற ஆயத்தப் பணிகளுக்கு இது ஆசிரியருக்கு நன்றாகவே உதவும். மதிப்பெண் இடுவதை மட்டும் இதனிடம் விட வேண்டாம்.

ஒரு பழைய கணினி, ஒரு சனிக்கிழமை, உடன் ஒரு சக ஆசிரியர். தொடங்க இவ்வளவு போதும். நிறுவி முடித்ததும் செய்த படிகளை ஒரு தாளில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் மாறுதலாகிப் போன பிறகும் அந்தச் சேவையகம் இயங்க வேண்டும் அல்லவா?